தூங்க இடமில்லாத வீடு: வாடகை வீட்டுக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2018 ஜூலையில் சிங்கப்பூரில் இந்தக் குடும்பத்தின் கோப்பு சமூக ஊழியரான என் கைக்கு வந்தபோது, எனக்கு முன்பே மூன்று பேர் அதில் எழுதியிருந்தார்கள். பள்ளி ஆலோசகர், முன்பு பார்த்த சமூக ஊழியர், உதவித்தொகை விண்ணப்பத்தைப் பரிசீலித்த அதிகாரி. மூவரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். மூத்த பையன் உயர்நிலை 1ல் படிக்கிறான். அரையாண்டில் 31 நாள் பள்ளிக்கு வரவில்லை. வந்த நாளிலும் மேசையில் தலைசாய்த்துத் தூங்குகிறான். இரவில் வெளியே சுற்றுகிறான். தாய்க்கு முன்கோபம். பெற்றோர் சந்திப்புக்கு இரண்டு முறை அழைத்தும் வரவில்லை. "பிள்ளை வளர்ப்பில் அக்கறை போதாது" என்று எழுதிய ஒருவர் அதற்கு அடிக்கோடும் போட்டிருந்தார். வீட்டைப் பற்றி அந்தக் கோப்பில் இருந்தது ஒரே வரி: ஓரறை வாடகை வீடு, ஐந்து பேர்.

அந்த ஒரு வரியைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு நெருக்கமாக இந்தக் குடும்பத்தோடு பழகியதில், கோப்பில் குணக்கேடு என்று எழுதப்பட்டிருந்த பலவும் படுக்க இடமில்லாததால் வந்தவை என்று கண்டேன். குடும்பத்தின் சம்மதத்தோடு, ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர்கள் வேண்டாம். வீட்டில் அவர்கள் அழைத்துக்கொள்ளும்படியே அம்மா, பாட்டி, பெரியவன், பாப்பா, குட்டி என்றே சொல்கிறேன். அப்போது பெரியவனுக்கு 13 வயது, பாப்பாவுக்கு 9, குட்டிக்கு 4.

அங்கே வந்து சேர்ந்த கதை

அம்மாவுக்கும் கணவருக்கும் மணமுறிவு ஆனபோது நாலறை வீட்டை விற்றார்கள். விற்ற பணத்தில் வீட்டுக்கடன் போயிற்று. ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியிலிருந்து எடுத்ததை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. கையில் வந்தது சொற்பம். அண்ணன் வீட்டில் இரண்டரை வருடம் இருந்தார். அங்கே அண்ணியின் முகம் மாறிய பிறகு, புக்கிட் மேரா வட்டாரத்தில் இந்த ஓரறை வாடகை வீடு கிடைத்தது. பாட்டி அம்மாவைப் பெற்றவர். மகளோடு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவரும் வந்துவிட்டார். அம்மா ஒரு கடைத்தொகுதியில் இரவுநேரத் துப்புரவு வேலை பார்த்தார். இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை. மாதம் 1,300 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) வரும்.

சிங்கப்பூரில் வசிப்போரில் பத்துக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். குடும்பங்களில் பத்துக்கு ஒன்பது சொந்த வீட்டில் இருக்கின்றன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீவக வீடுகளில் வாடகைக்கு விடப்படுபவை ஏறத்தாழ 60,000தான். எல்லாரிடமும் சொந்த வீடு இருக்கிற ஊரில் வாடகை வீடு என்று சொல்வது ஒரு மாதிரி. பாப்பா தன் பள்ளித்தோழிகளிடம் புளோக் எண்ணை மாற்றிச் சொல்லி வைத்திருந்தாள். பக்கத்துப் புளோக் சொந்த வீட்டுப் புளோக். அதன் மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்று தோழிகளுக்குக் கையசைத்து அனுப்பிவிட்டு, அவர்கள் போன பிறகு தன் புளோக்குக்கு நடப்பாள். ஒன்பது வயதில் அந்தப் பிள்ளைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிந்திருந்தது.

பாட்டிக்கு இந்த வெட்கம் கிடையாது. செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் ஊழியர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர் அவர். 1961 மே 25ல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப்பகுதி எரிந்தபோது அவருக்கு ஒன்பது வயது. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்த தீ அது. அதற்கு முந்திய வருடம்தான் வீவக தொடங்கியிருந்தது. தீக்குப் பிறகு அவசரமாக எழும்பிய அடுக்குமாடிகளில் ஓரறை வீடுகள் நிறைய. "அப்ப குழாயத் தொறந்தா தண்ணி வரும்னாலே சொர்க்கம் பொண்ணு" என்பார் பாட்டி. அவருக்கு இந்த வீட்டில் குறை ஒன்றும் இல்லை. நான் கேட்ட கேள்விகளுக்கு அதனாலேயே அவரிடம் பதில் கிடைக்கவில்லை.

முதல் தவறு என்னுடையது

முதன்முறை காலை 10 மணிக்குப் போனேன். அலுவலக நேரம் அதுதானே. கதவைத் திறந்த அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. "என்னா மிஸ், சீக்கிரம் சொல்லுங்க" என்றார். பத்து நிமிடத்தில் குட்டியை இருமுறை அதட்டினார். நான் கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில். திரும்பி வந்து நானும் கோப்பில் "எரிச்சலாகப் பேசினார், ஒத்துழைப்பு குறைவு" என்று எழுதினேன். ஏழே முக்காலுக்குப் படுத்தவரை பத்து மணிக்கு எழுப்பியிருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஒரு சாதாரண ஆளை இரவு ஒரு மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பிக் கேள்வி கேட்டால் எப்படிப் பேசுவார்? அதே கதைதான்.

இரண்டாம் முறை இரவு எட்டரைக்குப் போனேன். அம்மா குளித்து, சீருடை போட்டு, வேலைக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். வேறு ஆள் போல இருந்தார். காப்பி போட்டுக் கொடுத்தார். குட்டி மடியில் இருந்தான். அன்றைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்பவாச்சும் வீடு வாங்க முடியுமா மிஸ்?" 2016ல் ஃபிரெஷ் ஸ்டார்ட் திட்டம் வந்திருந்தது. முன்பு ஒருமுறை வீவக வீடு வாங்கி இழந்து, பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கிற குடும்பங்களுக்குக் குறைந்த காலக் குத்தகையில் ஈரறை வீடு. கூடவே அப்போது 35,000 வெள்ளி மானியம். அதற்கு நிபந்தனைகள் உண்டு. நிலையான வேலை வேண்டும். பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போக வேண்டும்.

பெரியவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா அவனைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வீடு சரியில்லாததால் பையன் பள்ளிக்குப் போவதில்லை. பையன் பள்ளிக்குப் போகாததால் வீடு கிடைக்காது. இந்த முடிச்சு எனக்குப் புரிய அதன் பிறகும் இரண்டு வாரம் ஆயிற்று.

இரவின் வரைபடம்

மூன்றாம் முறை அளவுநாடா கொண்டுபோனேன். சமையலிடம், கழிவறை எல்லாம் சேர்த்து வீடு சுமார் 33 சதுர மீட்டர். அறை மட்டும் 5 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலம். அதற்குள் ஒற்றை இரும்புக் கட்டில், துணி அலமாரி, குளிர்பதனப் பெட்டி, மடக்கு மேசை, சுவரில் சாமி மாடம், அதன் கீழே பிள்ளைகளின் பைகள். இவை போக, ஆள் படுக்கத் தரையில் மிச்சமிருந்தது இரண்டு பாய் அகலம்.

ஒரு தாளில் அறையை வரைந்து, இரவில் யார் எங்கே என்று ஒவ்வொருவராகக் காட்டச் சொன்னேன். கட்டிலில் பாட்டியும் குட்டியும். சாமி மாடத்துக்குக் கீழே பாப்பா. பெரியவனுக்குக் குளிர்பதனப் பெட்டிக்கும் சமையலறை வாசலுக்கும் நடுவில். காலை நீட்டினால் பாதம் சமையலறைக்குள் போகும். அவன் அந்த வருடம்தான் வளர ஆரம்பித்திருந்தான்.

பாட்டிக்கு நீரிழிவும் இரத்தக் கொதிப்பும். இரவில் அடிக்கடி எழுவார். கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகிற ஒரே வழி பெரியவனைத் தாண்டித்தான். இருட்டில் பேரனை மிதித்துவிடுவோமோ என்ற பயத்தில் சமையலறை விளக்கைப் போடுவார். அந்த வெளிச்சம் நேரே அவன் முகத்தில் அடிக்கும். எத்தனை முறை என்று கேட்டால், "ரெண்டு மூணு தரம் இருக்கும்" என்றார். அவர் எழுதத் தெரியாதவர். அதனால் கட்டிலுக்கடியில் ஒரு சொம்பும் பக்கத்தில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையும் வைத்தோம். எழும்போதெல்லாம் ஒரு கடலையை எடுத்துச் சொம்பில் போட வேண்டும். காலையில் பாப்பா எண்ணி எழுதுவாள். அந்த வாரத்துக் கணக்கு: 5, 6, 4, 6, 5, 7, 5.

13 வயதுப் பையன் நன்றாக இருக்க 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் ஒத்துக்கொண்ட அளவு. இவன் படுப்பதே ஒரு மணிக்கு மேல். ஒன்பதரைக்குக் குட்டிக்காக விளக்கை அணைத்துவிடுவார்கள். அதன் பிறகு வீட்டுப்பாடம் செய்ய இடம் கிடையாது. கோப்பில் "இரவில் வெளியே சுற்றுகிறான்" என்று இருந்ததே, அவன் எங்கே போனான் என்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். ஆறாவது மாடிக்கும் ஏழாவதுக்கும் நடுவே படிக்கட்டுத் திருப்பம். தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு, மடித்துச் செருகியிருந்த அட்டைத்துண்டை எடுத்து விரித்து உட்கார்ந்தான். அட்டையில் அவன் உட்கார்ந்த இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. "இங்க லைட் இருக்கு மிஸ். யாரையும் எழுப்ப வேணாம்" என்றான். கணக்கு நோட்டும் அங்கேதான் எழுதுவான்; கைத்தொலைபேசியில் விளையாடுவதும் அங்கேதான். இரண்டையும் மறைக்காமல் சொன்னான்.

பள்ளி ஏழரைக்கு. ஆறே முக்காலுக்காவது கிளம்ப வேண்டும். அம்மா வேலை முடிந்து வீடு வர ஏழேகால் ஆகிவிடும். எழுப்ப இருப்பது பாட்டி மட்டும். அவரோ இரவெல்லாம் ஏறி இறங்கி, விடியற்காலையில்தான் கண்ணயர்வார். திங்கட்கிழமைகளில்தான் பையன் அதிகம் வராமல் போனான் என்பதைப் பள்ளி வருகைப் பதிவேட்டில் பார்த்தேன். ஞாயிறு இரவு அம்மாவுக்கு ஓய்வுநாள். அன்றைக்குக் கட்டிலில் அம்மாவும் குட்டியும். பாட்டி கீழே, பாப்பா பக்கத்தில். தரையில் மூன்று பேர். பெரியவனின் இடம் பாதியாகிவிடும்.

மூட்டைப்பூச்சி

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பாப்பாவின் நோட்டில் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நசுக்கிய கறை. மெத்தையின் தையலோரத்தில் மிளகு தூவினாற்போல இருந்தது. அலமாரிப் பலகையின் இடுக்குகளில் தீக்குச்சியால் சுட்ட கரித்தடங்கள். பாட்டி பழைய முறைப்படி மெத்தையை வெயிலில் போட்டு, இடுக்கில் தீ காட்டியிருக்கிறார். இரண்டு முறை மருந்தும் அடித்திருக்கிறார்கள். மூன்றாம் வாரம் பழையபடி.

மூட்டைப்பூச்சி சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு வீட்டில் மருந்தடித்தால் குழாய் போகிற ஓட்டை வழியாகவும் கதவடி வழியாகவும் அடுத்த வீட்டுக்குப் போய், மருந்தின் வீரியம் அடங்கியதும் திரும்பி வரும். முட்டைக்கு மருந்து பிடிப்பதில்லை; ஒரு வாரம், பத்து நாளில் அவை பொரிந்ததும் இரண்டாம் முறை அடிக்க வேண்டும். ஆகவே இது ஒரு குடும்பத்தின் சுத்தம் பற்றிய விஷயமே கிடையாது. இந்த வீடு, எதிர்வீடு, இரு பக்கத்து வீடுகள் என நான்கையும் சேர்த்து ஒரே நாளில் செய்தால்தான் பலன். அந்தக் கதவுகளைத் தட்டிச் சம்மதம் வாங்கியது நான் இல்லை, எதிர்வீட்டு மலாய் அம்மா. மாக்சிக் (மலாயில் அத்தை) என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். அவரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

திறந்த கதவு

அந்தப் பழைய புளோக்கின் அமைப்பு, நடுவில் நீளமான காரிடார், இரு பக்கமும் வீடுகள். வெளியைப் பார்த்த சன்னல் ஒரு பக்கம் மட்டும். காற்று வர வேண்டுமானால் வாசற்கதவைத் திறந்தே வைக்க வேண்டும். எல்லா வீடுகளிலும் இரும்புக் கதவுக்கு ஒரு திரை, உள்கதவு திறந்தே. இரண்டு மீட்டரில் எதிர்வீடு. யார் வீட்டில் என்ன குழம்பு, யார் யாரோடு சண்டை, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை நான் முதலில் தொந்தரவு என்று மட்டும்தான் பார்த்தேன். சத்தம், தனிமையின்மை என்று என் குறிப்பில் இருக்கிறது.

காலை எட்டு மணிக்குக் குட்டி தானாகத் திரையை ஒதுக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுவான். மாக்சிக் அவனுக்கு ரொட்டி கொடுத்து, பதினொரு மணி வரை வைத்திருப்பார். அம்மாவுக்குக் கிடைத்த தொடர்ச்சியான தூக்கம் அந்த மூன்று மணி நேரம். பாட்டிக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக்கொட்டிய ஓர் இரவு, பாப்பா "மாக்சிக்" என்று காரிடாரில் கத்திய கத்தலுக்கு நாலு கதவு திறந்திருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு அங்கிருந்து கெத்துபாட் (ஓலையில் வேகவைத்த சோறு) வரும். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். மாக்சிக்குக்குப் பிள்ளைகள் இல்லை.

அம்மாவின் தூக்கத்தையும் ஒரு வாரம் எழுதிப் பார்த்தோம். ஒரு நாளைக்குச் சராசரி நாலு மணி நேரம், அதுவும் இரண்டு மூன்று துண்டாக. பகலில் தூங்குகிறவரின் உடம்பு வெளிச்சத்தையும் வெப்பத்தையும் எதிர்த்தே தூங்க வேண்டும். உடம்பின் உள்கடிகாரம் பகல் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இருட்டான, அமைதியான, கதவு சாத்திய அறை இருந்தாலே பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிடக் குறைவாகத்தான் வரும். இங்கே கதவும் இல்லை, இருட்டும் இல்லை. கட்டிலுக்கு இரண்டடி தள்ளி பாட்டி சமைத்துக்கொண்டிருப்பார். மனச்சோர்வைக் கணிக்க ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு. மொத்தம் 27 புள்ளி, பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். 2018 ஆகஸ்டில் அம்மாவுக்கு 14.

ஐந்து கடன்

தூக்கத்தைத் தவிர இன்னொன்றும் அவரைத் தின்றுகொண்டிருந்தது. வீட்டு வாடகை பாக்கி, நகர மன்றக் கட்டணம், மின்சாரம் தண்ணீர், தொலைபேசி, குளிர்பதனப் பெட்டிக்கான தவணை. ஐந்தும் சேர்ந்து 3,900 வெள்ளி. எல்லாக் கடிதங்களும் ஒரு பால்மாவு டின்னில் இருந்தன. பாதி பிரிக்கப்படவே இல்லை.

2019ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் சிங்கப்பூர் ஆய்வு ஒன்று வெளிவந்தது. நெடுநாள் கடனில் இருந்த குறைந்த வருமானத்தார் 196 பேருக்கு ஒரு தொண்டு அமைப்பு 5,000 வெள்ளி வரை கடனை அடைத்தது. அதற்கு முன்பும் மூன்று மாதம் கழித்தும் அவர்களைச் சோதித்தார்கள். எத்தனை வெள்ளி அடைந்தது என்பதைவிட, எத்தனை கடன் கணக்குகள் மூடப்பட்டன என்பதுதான் மனத்தை லேசாக்கியது. கூடுதலாக ஒரு கணக்கு மூடினாலே மூளையின் செயல்திறன் கூடியது. பதற்றம் இருப்பதற்கான வாய்ப்பு 11 விழுக்காடு குறைந்தது. இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்தப் பால்மாவு டின்தான் கண்முன் வந்தது. 2018 செப்டம்பரில் அது தெரியாமலேயே நாங்கள் அப்படிச் செய்திருந்தோம். கையில் இருந்த உதவிநிதியில் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டாமல், சின்னக் கணக்குகள் மூன்றை ஒரேயடியாக முடித்தோம். தொலைபேசி, தவணை, நகர மன்றம். டின்னில் இரண்டு உறைகள் மட்டும் மிஞ்சின. அவற்றை அம்மா தானே பிரித்துப் படித்தார்.

செய்தவை

பெரிய காரியம் எதுவும் இல்லை. பலதுறை மருந்தகத்துக்குப் பாட்டியோடு நானும் போனேன். இரத்தக் கொதிப்புக்கான தண்ணீர் மாத்திரையை (சிறுநீரை அதிகமாக்குவது) அவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டிருந்தார். எல்லா மாத்திரையையும் ஒரே வேளையில் முடித்துவிடலாம் என்ற எண்ணம். மருத்துவர் அதைக் காலைக்கு மாற்றினார்; சர்க்கரைக்கான மருந்தையும் கூட்டிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் சொம்பில் கடலை இரண்டு, மூன்று என்று இறங்கியது. தரையோரம் செருகும் சிறு மங்கல் விளக்கு ஒன்று வாங்கினோம். சமையலறை விளக்கைப் போடுகிற வேலை நின்றது. பெரியவனும் பாப்பாவும் இடம் மாறிக்கொண்டார்கள். அவள் உயரத்துக்குக் கால் வழியில் வராது. பழைய மெத்தைகளைத் தூக்கிப்போட்டு, மடக்கக்கூடிய மெல்லிய மெத்தைகள் வந்தன.

குட்டியை வேலைக்குப் போகும் தாய்க்கான உதவித்தொகையோடு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்தோம். அம்மாவுக்குக் காலை எட்டு முதல் மதியம் ஒன்றரை வரை வீடு அமைதியாயிற்று. பெரியவனுக்கு எங்கள் நிலையத்திலேயே இரவு ஒன்பது மணி வரை ஒரு மேசையைத் திறந்து வைத்தோம். படிக்கட்டு அட்டையை அவன் உடனே விட்டுவிடவில்லை, அது வேறு விஷயம். தனியாக உட்கார ஓரிடம் 13 வயதில் வேண்டித்தான் இருக்கிறது.

பள்ளியில் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். தாமதமாக வந்தால் வாசலில் நிறுத்திவைக்காமல் வகுப்புக்கு அனுப்புங்கள். வகுப்பாசிரியர் ஒப்புக்கொண்டார். அடுத்த பத்து வாரத் தவணையில் அவன் வராத நாள் நான்கு. பெற்றோர் வகுப்பும் ஆலோசனையும் எந்தக் கட்டத்திலும் தேவைப்படவில்லை.

உட்லண்ட்ஸ்

இனி வருவதுதான் நான் மிகவும் யோசித்த பகுதி.

ஐந்து பேருக்கு ஈரறை வாடகை வீடு வேண்டுமென்று விண்ணப்பித்திருந்தோம். தெற்குப் பக்கம் காத்திருக்க வேண்டும், வடக்கே என்றால் சீக்கிரம் வரும் என்ற நிலை. 2019 நவம்பரில் உட்லண்ட்ஸில் கிடைத்தது. சுமார் 45 சதுர மீட்டர். தனிப் படுக்கையறை. வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று அம்மா சிரித்தபடி பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. குடிபோன மறுநாள் மதியம் எனக்கு அழைத்தார். "ஒரு கதவச் சாத்திட்டுப் படுத்தேன் மிஸ். எத்தன வருசமாச்சு" என்றார். எனக்கும் கண் கலங்கியது. கோப்பில் "வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதினேன். இடம் மாறுவதற்கு முந்திய மாதம் எடுத்த படிவத்தில் அவருக்கு 7 புள்ளி. இனி இன்னும் இறங்கும் என்று நினைத்தேன்.

2020 மார்ச்சில் மறுபடி எடுத்தபோது 13.

பெரியவன் பள்ளி மாற மறுத்திருந்தான். பழைய பள்ளியில் காற்பந்துக் குழுவில் அப்போதுதான் இடம் கிடைத்திருந்தது. உட்லண்ட்ஸிலிருந்து ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறி ரெட்ஹில் போக, ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். படுக்கக் கூடம் முழுக்க அவனுக்குக் கிடைத்தது. தூங்க ஒரு மணி நேரம் குறைந்தது. ஆனாலும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவனைப் பற்றி எனக்குக் கவலை அவ்வளவாக இல்லை.

அம்மாவைப் பார்க்கப் போனபோது வீடு துடைத்து வைத்தாற்போல இருந்தது. வாசற்கதவு சாத்தியிருந்தது. புதிய புளோக், ஒரு மாடியில் சில வீடுகள்தான், ஒரு வாசல் இன்னொன்றைப் பார்க்காது. குறுக்குக் காற்று நன்றாக வருகிறது. அதனால் யாரும் கதவைத் திறந்து வைக்க வேண்டியதில்லை. "நாலு மாசமாச்சு மிஸ். பக்கத்து வீட்டுல யார் இருக்காங்கன்னு தெரியாது. குட்டிக்குக் காய்ச்சல்னா யாருகிட்ட விட்டுட்டு வேலைக்குப் போறது?" இரண்டு முறை வேலைக்குப் போகாமல் இருந்ததில் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். மதியம் தூங்கி எழுந்ததும் ஒரு குரலும் கேட்காதது ஒரு மாதிரி இருக்கிறது என்றார். அங்கே இருந்தவரை எழுந்ததும் மாக்சிக்கின் தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும், திரைக்கு வெளியே "சுடா பாங்குன்?" என்று குரல் வரும். எழுந்தாச்சா என்று மலாயில் கேட்பது. அந்தக் கேள்வியை இப்போது யாரும் கேட்பதில்லை.

நான் சதுர மீட்டரை அளந்தேன். காரிடாரை அளக்கவில்லை. பழைய வீட்டில் சத்தம், தனிமையின்மை என்று குறைகளாக எழுதிவைத்தவற்றில் பாதி, அந்தக் குடும்பத்தைத் தாங்கிப்பிடித்த கயிறு. ஈரறை வீடு வேண்டாம் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். அது கட்டாயம் வேண்டியிருந்தது. ஆனால் அதே வட்டாரத்தில் கிடைக்கும்வரை ஆறு மாதம் பொறுத்திருக்கலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எங்கள் விண்ணப்பப் படிவத்தில் மருத்துவமனை எத்தனை தூரம், பள்ளி எத்தனை தூரம் என்று கட்டங்கள் உண்டு. ஆபத்துக்கு யார் கதவைத் தட்டுவீர்கள் என்று ஒரு கட்டம் கிடையாது.

ஏப்ரல் 7ல் கொவிட்-19 தொற்றைத் தடுக்க எல்லாரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்ன நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியது. துப்புரவு அத்தியாவசிய வேலை என்பதால் அம்மா போய் வந்தார். பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே பாடம். பழைய ஓரறை வீட்டில் அந்த இரண்டு மாதம் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. படுக்கையறைக் கதவு அந்த நாட்களில் குடும்பத்தைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். பெரியவனுக்கு ரயில் பயணம் இல்லாமல் போய், பல வருடத்தில் முதன்முறையாக ஏழு மணி வரை தூங்கினான். மே 24 நோன்புப் பெருநாள். யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாது. பாப்பா மாக்சிக்கைக் காணொளியில் அழைத்து, கைத்தொலைபேசியை மேசைமேல் சாய்த்து வைத்தாள். இந்தப் பக்கம் சோறும் பருப்பும், அந்தப் பக்கம் மாக்சிக் தனியாகக் கெத்துபாட்டோடு. ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் இரண்டு மணிக்கு மாக்சிக் அழைக்க ஆரம்பித்தார். நான் ஏற்பாடு செய்தது இல்லை அது.

யாருக்காக நான் அதிகம் பயந்தேனோ அந்தப் பாட்டிதான் உட்லண்ட்ஸில் முதலில் வேர்விட்டார். வடக்குதான் அவர் பிறந்த பக்கம். யீஷூனில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், அவர் சின்னப்பிள்ளையாக இருந்த கடற்படைத் தளப் பகுதியில் தொடங்கிய கோயில். கட்டுப்பாடுகள் தளர்ந்து கோயில் திறந்ததும் வெள்ளிக்கிழமைதோறும் போனார். அங்கே செம்பவாங் நாட்களில் தெரிந்த இரண்டு பேரைக் கண்டுபிடித்துவிட்டார். அவர்களில் ஒருவரின் மருமகள் உட்லண்ட்ஸிலேயே, இரண்டு புளோக் தள்ளி. குட்டிக்குக் காய்ச்சல் வந்தால் கூப்பிட ஓர் எண் கிடைத்தது. அம்மா அந்த எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்ததை அடுத்த முறை பார்த்தேன். 2021 பிப்ரவரியில் படிவம் எடுத்தோம். 8.

அடுத்த மாதம் ஃபிரெஷ் ஸ்டார்ட் விண்ணப்பத்துக்காக எங்கள் நிலையத்துக்கு வந்தார். பையன்களின் பள்ளி வருகைப் பதிவு, பாப்பாவுடையது, அம்மாவின் சம்பளச் சீட்டுகள், பாக்கி எதுவும் இல்லாத கட்டண ரசீதுகள், எல்லாவற்றையும் அதே பால்மாவு டின்னில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எந்தெந்தப் பேட்டையில் வீடு கிடைக்கலாம், குத்தகை எத்தனை வருடம், மாதம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வீட்டு வரைபடத்தை என் பக்கமாகத் திருப்பி, வாசற்கதவு வரைந்திருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதுக்கு எதிர்ல என்ன இருக்கு மிஸ்?"

வரைபடம் அந்த வாசலோடு முடிந்திருந்தது. சனிக்கிழமை இரண்டு பேரும் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவதென்று பேசிக்கொண்டோம்.